முழுப்பலகை

பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். தொழிலில் எல்லோருக்கும் அவர் ஒருநூல். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல். சமையல் மேடைக்குக் கல் பதிக்கும்போது சுவருக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி நுழைந்தால்கூட அவருக்குப் பொறுக்காது. "இன்னும் ஒரு நூல் எடுக்கணும்" என்பார். கூட வந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஏற்றி வைத்த கல்லைத் திரும்ப இறக்குவது என்ன லேசான காரியமா? ஆனாலும் இறக்குவார்கள். அவர் மெஷினைப் போட்டு அந்த ஒரு நூலை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றச் சொல்வார். கல் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்காரும். வீட்டுக்காரர்கள் கையால் தடவிப் பார்த்து வாயடைத்துப் போவார்கள்.

அவர் வெட்டியது மலைக்கல் அல்ல. கல்லைப் பொடியாக்கி, பசை கலந்து, அழுத்திச் செய்கிற செயற்கைக் கல். கட்டில்கள் இரண்டைச் சேர்த்துப் போட்டதுபோல நீள நீளப் பலகைகளாகத் தொழிற்சாலையிலிருந்து வரும். கடையில் பெரிய மெஷின் இருக்கிறது. அது தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே நேராக வெட்டிக் கொடுத்துவிடும். பிரச்சினை கல்லில் இல்லை, வீடுகளில் இருந்தது. உலகத்தில் எந்த வீட்டுச் சுவரும் நேராக இல்லை என்பது அவர் அனுபவம். பார்வைக்கு விறைப்பாக நிற்கும். மட்டப்பலகையை வைத்தால் குடிகாரன் நடைதான். அதனால் கடைசி வெட்டு எப்போதும் அந்தந்த வீட்டில்தான். பால்கனியில், மாடிப்படிக்குக் கீழே, சில சமயம் அடுப்பங்கரைக்குள்ளேயே.

அங்கே தண்ணீர் விட முடியாது. கையில் பிடிக்கிற மெஷினில் தண்ணீர் பட்டால் கரண்ட் அடிக்கும். புதிதாகச் செய்த அலமாரிகள் ஊறி உப்பிவிடும். வெள்ளைச் சேறு தரையெல்லாம் ஓடும். வீட்டம்மாவின் முகம் கோணும். ஆகவே உலர்ந்த கல்லிலேயே மெஷினை ஓட்டுவார். வாயைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் காவல். தூசு மேகம் போல எழும்பி அவரை விழுங்கும். சாயங்காலம் ஆளே மாவு மூட்டையிலிருந்து எழுந்து வந்தவர்போல இருப்பார். மலைக்கல் வெட்டப் பயந்தவர்கள்கூட இந்தக் கல்லுக்குப் பயப்படவில்லை. "இது மனுஷன் செஞ்ச கல்லு, பாதி பசை. இது என்ன பண்ணிடப் போவுது?" என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் சொன்னார். வேலை முடிந்ததும் ஒரு கட்டி வெல்லத்தை வாயில் போட்டுக்கொள்வார்கள். தொண்டையில் இருக்கிற தூசு அதோடு இறங்கிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை.

ஊரில் உள்ள அடுப்பங்கரைக்கெல்லாம் பளபளக்கும் மேடை போட்டவருடைய சொந்த வீட்டில் மேடை என்னவோ சிமெண்டுதான். ஓரம் உடைந்து, நடுவில் வெடிப்பு விட்டு, எவ்வளவு தேய்த்தாலும் கறுப்பு போகாத மேடை. கல்யாணமான புதிதில், "உனக்கும் ஒன்னு போட்டுத் தரேன்" என்று மனைவியிடம் சொன்னார். அதற்குப்பின் மகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி வேறு ஊருக்கும் போய்விட்டாள். மேடை வரவில்லை. அடுப்பு சுவரை ஒட்டி இருந்ததால் அந்த அம்மாள் காலமெல்லாம் சுவரைப் பார்த்தே சமைத்தாள். வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்தபடி அவர் பார்த்தது அவள் முதுகைத்தான்.

"அடுத்த வீட்டு அடுப்புக்குத்தான் நீங்க மாப்பிள்ளை, என் அடுப்புக்கு இல்ல" என்பாள் திரும்பாமலே.

"வரும், வரும். நல்ல கல்லா வரட்டும்."

கல் வருவதற்கு முன்னால் இருமல் வந்தது.

முதலில் சளி என்றார்கள். பிறகு காசநோய் என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை முடிந்தது, இருமல் முடியவில்லை. மாடிப்படி ஏறுவதற்குள் நெஞ்சு அடைத்தது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"கல்லு வெட்டற வேலைம்மா."

"மலையிலயா?"

"இல்லம்மா, வீடுகள்ல. சமையல் மேடைக்கு."

"தண்ணி விட்டு வெட்டுவீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அடங்கியபின் சொன்னார்: "வீட்டுக்குள்ள எப்படிம்மா தண்ணி விடறது? அலமாரியெல்லாம் ஊறிடாதா?"

டாக்டரம்மா படத்தைக் கீழே வைத்தார். உள்ளே போனது கல்தூசு என்றார். நுரையீரல் தழும்பு விட்டு இறுகிப்போயிருக்கிறது என்றார்.

"தூசுதானேம்மா? மருந்து கொடுத்தா கரைஞ்சிடாதா?" என்று மனைவி கேட்டாள்.

"கல்லு கரையுமாம்மா?" அந்தக் குரலில் கோபம் இல்லை. "உள்ள போனதை எடுக்க வழி இல்ல. அது பாட்டுக்கு மெதுவா தன் வேலையைச் செய்யும். ஆனா இனி ஒரு பொட்டுத் தூசுகூட மேல போகக் கூடாது. போச்சுன்னா சீக்கிரம் முடிஞ்சிடும். போகாம பார்த்துகிட்டா நமக்கு நாள் இருக்கு."

எத்தனை நாள் என்று மனைவி கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

வேலைக்கு முழுக்குப் போட்டாயிற்று. ஒருநூல் சன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தால் எதிரே அந்த உடைந்த மேடை தெரிந்தது. அதன் முன்னால் மனைவி நின்றாள். வெடிப்பில் கரண்டி மாட்டி எண்ணெய் சிந்தியது. அவள் முந்தானையால் அதைத் துடைத்தாள். அந்தத் துடைப்பு அவர் நெஞ்சைத் தூசைவிட அதிகமாக அறுத்தது.

ஒரு நாள் காலை அவள் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும்போது பின்பக்கத்துக் கொட்டகையிலிருந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். சின்னத் துண்டுக் கற்களை வெட்டுவதற்காக அவர் முன்பு போட்டிருந்த கொட்டகை அது. உள்ளே, செங்கல் அடுக்குகளின்மேல் ஒரு முழுப்பலகை படுத்திருந்தது. வெள்ளைக் கல், ஒரு மூலையில் மட்டும் நிறம் தப்பிச் சாம்பல் திட்டு. விற்காத பலகை என்று கடை முதலாளி அவருக்குக் கொடுத்துவிட்டார்.

"என்னங்க இது?"

"உன் மேடை."

அவள் பையைக் கீழே வைத்தாள். பலகையைப் பார்த்தாள். கொட்டகை மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த மெஷினையும் பார்த்தாள். சாக்கு விலகியிருந்தது.

"யாரு வெட்டப் போறது?"

அவர் கண் மெஷின் பக்கம் போனது.

"நீங்க வெட்டின கல்லுல நான் அடுப்பு வைக்க மாட்டேன்."

"ஒரே ஒரு கல்லு. அரை நாள் வேலை. அரை நாள்ல என்ன ஆயிடப் போவுது?"

"இத்தனை வருஷமும் அரை அரை நாளாத்தானே போச்சு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "நான் போனதுக்கப்புறம் நீ அந்த உடைஞ்ச மேடை முன்னாடி தனியா நிக்கறத நினைச்சா எனக்குத் தூக்கம் வரல."

"அதுக்காக நீங்க போறதுக்கு நானே மேடை போட்டுத் தரணுமா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிடிவாதம் என்று வந்துவிட்டால் அவருக்கு ஈடு அவர்தான். மறுநாள் அவள் துணி அலசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, சுவரை ஒட்டி ஒட்டி நடந்து கொட்டகைக்குப் போனார். அடுப்பங்கரையின் அளவு அவருக்கு மனப்பாடம். சாயநூலைச் சுண்டிவிட்டுப் பலகையில் நீலக் கோடு போட்டார். துண்டை வாயில் கட்டினார். மெஷினைத் தூக்கினார். ஒரு காலத்தில் ஒற்றைக் கையில் ஆடிய மெஷின் இப்போது இரண்டு கையிலும் நடுங்கியது.

திரும்பிப் பார்த்தால் பலகையின் மேல் மனைவி. ஈரக் கையோடு வந்து, நீலக் கோட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி."

"வெட்டுங்க."

"கோடு உன் அடியில போகுது."

"கோடு எப்படிப் போகுதோ அப்படியே வெட்டுங்க, என்னையும் சேர்த்து. ஒரு நூல்கூட நகர மாட்டேன்."

அவர் மெஷினைக் கையில் வைத்தபடி நின்றார். கை கனத்தது. இருமல் கிளம்பியது. சாதாரண இருமலாக இல்லை, அடிவயிற்றிலிருந்து ஆளையே புரட்டிப்போடும் இருமல். மெஷின் கீழே விழுந்தது. அவள் இறங்கி ஓடிவந்து அவரைத் தாங்கிக்கொண்டாள். இருவரும் செங்கல் அடுக்கில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். யாருடைய கண்ணீர் யாருடைய தோளில் விழுந்தது என்று சொல்ல முடியாது.

அந்த நேரத்தில்தான் அவள் தம்பி வந்து சேர்ந்தான். ஒருநூலின் மச்சான். அவனும் கல் வெட்டுகிறவன்தான். வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனைக் கையைப் பிடித்துத் தொழிலுக்குக் கூட்டி வந்தவர் இவரேதான்.

"என்னக்கா, வீட்டுல நாற்காலிக்கா பஞ்சம்? ரெண்டு பேரும் தரையில உக்காந்து கண்ணைக் கசக்கறீங்க."

அக்கா விஷயத்தைச் சொன்னாள். அவன் பலகையைச் சுற்றி வந்தான். நீலக் கோட்டைக் குனிந்து பார்த்தான்.

"இதுக்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? மாமா உள்ள போய் ராஜா மாதிரி உக்காரட்டும். நான் வெட்டறேன். கோடு போட்டாச்சு, அப்புறம் என்ன?"

அக்கா மறுக்கவில்லை. அவளுக்கு அந்தக் கணத்தில் தெரிந்தது ஒரே ஒரு நெஞ்சுதான், புருஷனுடைய நெஞ்சு. அவரைக் கைத்தாங்கலாக வீட்டுக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். சன்னலைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணியைத் திணித்தாள். மச்சான் மெஷினின் வயரைக் கதவுக்கு அடியால் உள்ளே இழுத்து, வீட்டுச் சுவரில் இருந்த பிளக் பாயிண்டில் சொருகிவிட்டுப் போனான்.

மெஷின் அலறியது. பிளேடு கல்லைத் தொட்டதும் சத்தம் மாறியது. அந்தச் சத்தம் அவருக்குத் தாய்மொழி மாதிரி. கண்ணை மூடிக்கொண்டே பிளேடு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். 'அவசரப்படறான், மெதுவா தள்ளணும்' என்று நினைத்துக்கொண்டு சன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

கொட்டகையைக் காணோம். வெள்ளை மேகம்தான் இருந்தது.

எத்தனையோ வருஷம் அந்த மேகத்துக்குள் இருந்தவர் அவர். வெளியிலிருந்து அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார். மேகத்தின் நடுவில் ஓர் உருவம் குனிந்திருந்தது. அது முகத்தைத் திருப்பியபோது இமை வெள்ளை, புருவம் வெள்ளை, தலைமுடி வெள்ளை. மச்சான் ஒரே காலையில் கிழவனாகிவிட்டதுபோல் இருந்தது. அவன் மெஷினை அணைக்காமலே ஒருமுறை இருமினான். சின்ன இருமல். தொண்டையைச் செருமிக்கொள்கிற மாதிரி, ஒன்றுமே இல்லாத மாதிரி.

அந்த இருமல் ஒருநூலுக்குத் தெரியும். அவரே இருமியது அது, பல வருஷங்களுக்கு முன்னால்.

நாற்காலியிலிருந்து எப்படி எழுந்தார், சுவர்வரை எப்படிப் போனார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பிளக்கைப் பிடுங்கினார். மெஷினின் அலறல் முனகலாகி, முனகல் அடங்கியது.

தூசு படியக் காத்திருந்து மச்சான் சன்னலருகே வந்தான். "கரண்ட் போச்சா மாமா?"

கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து அவர் இல்லை என்று தலையாட்டினார். "நான்தான் பிடுங்கினேன்."

"ஏன், கோணலா போகுதா?"

"நேராதான் போகுது." மூச்சு வாங்கியது. "எப்பலேர்ந்து இருமற?"

"அட, தூசு மாமா. ஒரு கட்டி வெல்லம் போட்டா இறங்கிடும்."

"இறங்காது, மாப்ளே. அந்த வெல்லத்தை உன் கையில கொடுத்ததே நான்தானே. நானும் போட்டுகிட்டுத்தான் இருந்தேன்."

மச்சான் இமையில் ஒட்டிய வெள்ளையைப் புறங்கையால் துடைத்தான். பக்கத்தில் நின்ற அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நானும் பார்த்துகிட்டுத்தானே நின்னேன்" என்றாள். "சன்னலுக்கு மட்டும் துணி வச்சேன். வெளிய நிக்கறது என் தம்பின்னு தோணவே இல்லையே எனக்கு."

"விடுக்கா. எனக்கே தோணல, உனக்கு எங்க தோணப் போவுது?"

பலகையின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டு விழுந்திருந்தது. அதற்குமேல் அதை வெட்டப் போவதில்லை என்று மூவருக்கும் தெரிந்தது. கடையில் வெட்டி வந்தாலும் கோணல் சுவருக்கான கடைசி வெட்டு இங்கேதான் விழ வேண்டும். முழுசாக அது அடுப்பங்கரைக்குள் நுழையாது என்பதும் தெரிந்தது.

"அப்ப இந்தக் கல்லை என்ன பண்றது?" என்றான் மச்சான். பழைய குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. "மெத்தை போட்டு மாமாவைப் படுக்க வச்சிடலாமா?"

அக்கா சிரிக்கவில்லை. கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பக்கமும் காற்று வருகிற இடம். பலகை கிடந்தது கிடந்தபடி, சுற்றி நடக்க இடம் இருந்தது.

"கல்லு உள்ள வர முடியாதுன்னா, அடுப்பு இங்க வரட்டும்" என்றாள்.

ஒருநூலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாழ்நாளெல்லாம் வீட்டுக்கு ஏற்றபடி கல்லை வெட்டியவர். கல்லுக்கு ஏற்றபடி வீட்டை மாற்றலாம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"மேடைக்கு இவ்வளவு அகலம் எதுக்கு? ரெண்டு மடங்கு இருக்கு. சிங்க்குக்குக் குழி எடுக்கணுமே?"

"குழியும் வேணாம் ஒன்னும் வேணாம். பக்கத்துல ஒரு தொட்டி கட்டி குழாய் வச்சா போதாதா? அகலம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அதிகமா இருக்குன்னு யாராவது அழுவாங்களா?"

முதலில் கொட்டகையைக் கழுவினார்கள். அதற்கு மட்டும் ஒருநூல் கண்டிப்பான முதலாளியாகிவிட்டார். மூடிய சன்னலுக்குப் பின்னால் இருந்தபடியே கத்தினார்: "துடைப்பத்தைத் தொடாதீங்க. பெருக்கினா எழும்பும். முதல்ல தண்ணி, அப்புறம் கை." மச்சான் குழாயைத் திறந்து கூரையிலிருந்து நனைத்தான். கம்பு, தட்டி, செங்கல் இடுக்கு எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தார்கள். எத்தனையோ வருஷத் தூசு. பால் போன்ற தண்ணீர் கொட்டகையிலிருந்து வழிந்து, முற்றத்தைக் கடந்து, சாக்கடையை நோக்கி ஓடியது. கழுவக் கழுவ வந்துகொண்டே இருந்தது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இவ்வளவும் வெளிய விழுந்ததுதான்" என்றார் தனக்குத்தானே. மீதி எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

மெஷினை மச்சான் எடுத்துப்போய்க் கடையில் ஒப்படைத்தான். அதே டாக்டரம்மாவிடம் போய்ப் படமும் எடுத்துக்கொண்டான். கெட்டது எதுவும் இன்னும் தெரியவில்லை, ஆனாலும் தவறாமல் வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது அவன் கடையில் தண்ணீர் பீய்ச்சும் மெஷினோடு சரி. வீடுகளுக்குப் போனால் பதிப்பதற்கு மட்டும் போகிறான். சுவர் கோணலாக இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, இடைவெளியின் மேல் ஒரு பட்டியை ஒட்டி மறைத்துவிடுகிறான். சில வீட்டுக்காரர்கள் முகம் சுளித்து வேறு ஆளைத் தேடிப் போனார்கள்.

"எவ்வளவு இடைவெளி விடற?" என்று ஒருநூல் ஒருமுறை கேட்டார்.

"மூணு நூல் வரைக்கும் போகுது மாமா."

முன்பாக இருந்தால் அடிக்கவே வந்திருப்பார். அன்று கண்ணை மூடி அதை விழுங்கிக்கொண்டார். "விடு. பட்டி ஒட்டு" என்றார்.

கொட்டகையில் அடுப்பு ஏறிய அன்று காலை அவரை நாற்காலியோடு தூக்கிவந்து பலகையின் இந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். அந்தப் பக்கம் அவள் நின்றாள். பலகை அகலமாக இருந்ததால் சுவர் எங்கேயோ தள்ளிப்போய்விட்டது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவள் நிமிர்ந்தாள். எதிரே அவர் இருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் சமைக்கும்போது முகத்தை அவர் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உப்புப் போடுமுன் கீழுதட்டைக் கடித்துக்கொள்கிறாள். மூடியைத் திறந்து ஆவி முகத்தில் அடித்தால் ஒரு கண்ணை மட்டும் சுருக்கிக்கொள்கிறாள். இதெல்லாம் அவருக்குப் புதுசு.

"என்ன அப்படிப் பார்க்கறீங்க?"

"சும்மா."

"கண்ணு கலங்குது."

"வெங்காயம்."

அவள் தட்டை எடுக்க நகர்ந்தபோது, பாதியில் நின்ற அந்த வெட்டு ஓரத்தில் முந்தானை மாட்டி இழுத்தது. நூல் ஒன்று பிரிந்து தொங்கியது. அவர் கை தானாக நீண்டு, கூராக இருந்த அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தது.

"இதுல ஒரு நூல் எடுத்தா..." என்று ஆரம்பித்தார்.

அவள் கரண்டியைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். மூச்சு அடங்கக் கொஞ்சம் காத்திருந்தார்.

"ஒரு துணியை மடிச்சு ஒட்டிடு" என்றார்.

அவள் தன் பழைய புடவையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, மடித்து, அந்த விளிம்பில் பசை தடவி ஒட்டினாள். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு, தட்டை அவர் முன்னால் வைத்தாள்.